ஒரேயொரு முறைதான் வென்றாரா? கேர்லிங் சம்பியனின் பட்டியலை வாசிக்கும் விதம்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். ரொறொன்ரோவில் இருக்கும் உங்கள் பெறாமகள் கேர்லிங் பழகுகிறாள். அவளுடைய பயிற்சியாளர் ஒரு காலத்தில் கனடாவின் தேசிய சம்பியனாம். வெள்ளவத்தையில் இருந்தபடி நீங்கள் இணையத்தில் தேடிப் பார்த்தால், இருபது வருஷத்துக்குக் கிட்ட விளையாடிய அந்தப் பெண்மணிக்குத் தேசியப் பட்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு அதன் முன்னால் தும்புத்தடியால் கூட்டுகிற விளையாட்டில் இருபது வருஷத்துக்கு ஒரு வெற்றி என்றால் அது திறமையா, வாய்த்த அதிர்ஷ்டமா, இதுவும் நம்முடைய கரம் மாதிரித்தானே என்று கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரு கேர்லிங் ஆட்டக்காரரின் போட்டி வாழ்க்கையை எதை வைத்து எடை போடுவது? பட்டங்களை எண்ணினால் கணக்குப் பிழைக்கும். எத்தனை முறை தேசியப் போட்டிக்குள் நுழைந்தார், ஒவ்வொரு முறையும் யார் யாரோடு நுழைந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. கனடாவில் தேசிய சம்பியன் என்று சொல்லிக்கொள்ளப் பல வழிகள் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டோர், ஜூனியர், பல்கலைக்கழகங்கள், கலப்பு நால்வர், கலப்பு இரட்டையர், 50 வயதைத் தாண்டியோர், சக்கர நாற்காலி, கழக மட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தேசியப் போட்டி இருக்கிறது. எதை வென்றாலும் பெருமைதான். ஆனால் முன்னொட்டு எதுவும் இல்லாமல் தேசிய சம்பியன் என்றால் கேர்லிங்காரர் நினைப்பது இரண்டைத்தான்: ஆண்களுக்கு 1927 முதல் நடக்கும் பிரையர், பெண்களுக்கு இன்று ஸ்கொட்டிஸ் என்று அழைக்கப்படும் போட்டி. நீங்கள் பார்த்த பட்டியலில் அந்த ஒரு பட்டத்துக்குப் பக்கத்தில் ஜூனியர், மிக்ஸ்ட், சீனியர் என்று ஏதாவது சொல் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் மேலே படியுங்கள்.

பிரையருக்கோ ஸ்கொட்டிஸுக்கோ பெயர் கொடுத்துவிட்டுப் போய் விளையாட முடியாது. 10 மாகாணங்கள், 3 ஆட்சிப்புலங்கள், ஒன்ராறியோவில் இருந்து பிரிந்து தனி அணி அனுப்பும் வட ஒன்ராறியோ என 14 சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வென்ற அணிக்கு இடம் உண்டு. நடப்புச் சம்பியனுக்கும் தரவரிசையில் முன்னிற்கும் சில அணிகளுக்கும் மிச்ச இடங்கள். 2021 முதல் மொத்தம் 18 அணிகள். இரண்டு குழுவாகப் பிரிந்து ஆளுக்கு 8 ஆட்டம் ஆடி, பிறகு வெளியேற்றுச் சுற்று. பத்து நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அல்பேர்ட்டா, மனிற்றோபா போன்ற இடங்களில் மாகாணப் பட்டத்தை வெல்வதே பெரும்பாடு. உலகப் பதக்கம் எடுக்கக்கூடிய அணிகள் மாகாண இறுதியாட்டத்தில் தோற்றுப்போய், தேசியப் போட்டியை வீட்டுக் கதிரையில் இருந்து பார்த்த வருஷங்கள் நிறைய. ஒரே வலயத்தில் நான்கு பலமான பள்ளிக்கூட அணிகள் இருந்தும், அகில இலங்கைப் போட்டிக்கு ஒன்றுதான் போகலாம் என்றால் எப்படி இருக்கும், அப்படி.

கரத்தோடு ஒப்பிட்டீர்களே, அது பாதி சரி. அடிபட்ட காய் எங்கே போகும், அடித்தது எங்கே நிற்கும் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுவது இரண்டு விளையாட்டுக்கும் பொது. போர்டில் ஏன் பவுடர் தூவுகிறோம் என்று தெரிந்தவருக்குக் கேர்லிங் தரை பாதி விளங்கிவிடும். மழைக்காலத்தில் போர்டு ஈரம் இழுத்து ஸ்ட்ரைக்கர் நடுவழியில் நின்றுவிடுமல்லவா, அதே தொல்லை அங்கேயும் உண்டு. ஆனால் கரம் போர்டு ஓர் ஆட்டத்துக்குள் மாறாது. கேர்லிங் தரை ஒவ்வொரு கல்லுக்கும் மாறுகிறது. ஏறக்குறைய 19 கிலோ எடையுள்ள, விதிப்படி 19.96 கிலோவைத் தாண்டக்கூடாத ஒரு கருங்கல்லை, 45.72 மீற்றர் நீளமான தடத்தின் ஒரு முனையில் இருந்து விட்டு, மறுமுனையில் 3.66 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கையை விட்ட பிறகு கல் நிற்பதற்கு இருபது செக்கனுக்கு மேல் எடுக்கும். அவ்வளவு நேரமும் தரை வைத்ததே சட்டம்.

அந்தத் தரை கண்ணாடி மாதிரி வழவழப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். மட்டமாக்கிய பனியின் மேல், தாதுக்களை நீக்கிய வெந்நீரை முதுகில் சுமக்கும் தாங்கியில் இருந்து பூவாளி போன்ற தலையால் தெளித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார்கள். துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து, வேர்க்குரு போட்ட முதுகு மாதிரிப் பனி முழுக்க மேடுகளாகிவிடும். இதற்குப் பெபிள் என்று பெயர். பிறகு கூரான அலகால் மேடுகளின் உச்சியை மட்டும் சீவி மட்டப்படுத்துவார்கள். கல்லின் அடிப்பக்கம் குழிவானது. 13 சென்ரிமீற்றர் அளவு விட்டத்தில் சில மில்லிமீற்றர் அகலமான ஒரு வளையம் மட்டும்தான் தரையைத் தொடும். தரையைச் சைபருக்குக் கீழே 5 பாகை அளவில் வைத்திருப்பார்கள். பெரிய போட்டிகள் ஐஸ் ஹொக்கி அரங்குகளில் நடப்பதால், ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து மூச்சு விட்டாலே காற்றில் ஈரம் ஏறிவிடும். அந்த ஈரம் தரையில் வெள்ளை பூத்ததுபோல் உறைந்து படிந்தால் கல் இழுபடும், வளைவும் கெடும். அதனால் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும். நம்முடைய கொழும்புக் காற்றை உள்ளே விட்டால் முதல் எண்டு (ஆட்டத்தின் ஒரு சுற்று) முடியுமுன்பே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதுதான். காலையில் அரங்கு வெறுமையாக இருக்கும்போது ஆடியதும் இரவில் நிரம்பி வழியும்போது ஆடுவதும் ஒரே தரை இல்லை. ஆர். பிரேமதாச மைதானத்தில் பகலில் சுழன்ற பந்து, இரவில் பனி இறங்கியதும் பந்துவீச்சாளரின் கையில் நிற்காமல் வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போதாததற்கு, ஓர் ஆட்டத்துக்குள்ளேயே தரை வயதாகிறது. கல் அடிக்கடி போகும் பாதையில் மேடுகள் தேயும். கொஞ்சம் தேயும்போது கல் விரைவாக ஓடும். மேலும் தேய்ந்து தட்டையானால் கல் ஒட்டிக்கொண்டு மெதுவாகும், வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நேரே போகும். நடுக்கோட்டில் ஒரு வேகம், அதில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி இன்னொரு வேகம். இதை எழுதிவைத்த பலகை எங்கும் இல்லை. நான்கு பேரும் கண்ணாலும் நிறுத்துகடிகாரத்தாலும் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, அடுத்த கல்லுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

கல் விடும் முறை பார்க்க லேசாக இருக்கும். வலக்கைக்காரர் வலக்காலை ஹக் என்ற ரப்பர் மிதியில் ஊன்றி உதைத்து, டெஃப்லோன் ஒட்டிய இடச் சப்பாத்தில் வழுக்கியபடி குந்திப் போவார். கைப்பிடியை மணிக்கூட்டின் 10 மணி அல்லது 2 மணி நிலையில் பிடித்திருந்து, விடும்போது 12 மணிக்குக் கொண்டுவந்தால் கல் மெல்லச் சுழலும். நின்று முடிவதற்குள் மூன்று நான்கு சுற்றுத்தான். தடத்தின் குறுக்கே எல்லையாகப் போட்டிருக்கும் ஹொக் கோட்டை எட்டுமுன் கை எடுபட வேண்டும். பெரிய போட்டிகளில் கைப்பிடிக்குள் உணரி இருக்கும். பிந்தினால் சிவப்பு எரியும், கல் செல்லாது. பிழை வருவது அநேகமாக மூன்று இடத்தில். கடைசிக் கணத்தில் பயத்தில் கையால் தள்ளிவிட்டால் கல் வட்டத்தைத் தாண்டிப் போய்விடும். சுழற்றும்போது மணிக்கட்டு உள்ளேயோ வெளியேயோ இழுத்தால், குறியாகக் காட்டிய துடைப்பத்தை விட்டுக் கல் தொடக்கத்திலேயே விலகும். சுழற்சி போதாமல் விட்டால் நடுவழியில் கல் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? விடும் முனையில் உள்ள வட்டத்தின் பின்கோட்டில் இருந்து ஹொக் கோடு வரை 8.23 மீற்றர். நல்ல தரையில், வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டிய கல் இதைக் கடக்க 3.7, 3.8 செக்கன் எடுக்கும். இதில் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் மறுமுனையில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் பிசகும். நடுப்புள்ளிக்கு விட்ட கல் வட்டத்தின் ஓரத்தில் போய் நிற்கும்.

இந்தப் பிசகைத் திருத்தத்தான் அந்தத் தும்புத்தடி. குப்பை கூட்டுவதற்கல்ல. அழுத்தித் தேய்க்கும்போது பெபிளின் உச்சி சூடாகி உராய்வு குறையும். கல் கூடத் தூரம் போகும், வளையாமல் கூட நேரம் நேராகவும் போகும். திடகாத்திரமான இருவர் முழுத் தூரமும் தேய்த்தால் 3 மீற்றருக்கு மேல் நீட்டலாம். வேகமாகப் போகும் கல்லை நிறுத்த வழி இல்லை என்பதால், ஒரு சொட்டு மெதுவாக விட்டுத் தேய்த்துக் கொண்டுபோவதே பாதுகாப்பு. கூடவே ஓடுகிறவர்கள் வேகத்தைச் சொல்வார்கள், மறுமுனையில் நிற்கும் ஸ்கிப், அதாவது அணித்தலைவர், வளைவைப் பார்த்துச் சொல்வார், ரி.வி.யில் மீன்சந்தை மாதிரிக் கேட்கும் சத்தம் இதுதான். இந்தத் துடைப்பத்தால் பெரிய சண்டையும் வந்தது. 2015இல் சில வகைத் துணிகள் கல்லைச் சுக்கான் வைத்தது போல் ஓட்டுகின்றன என்று ஆட்டக்காரர்களே புகார் சொல்ல, 2016இல் உலக அமைப்பு எல்லோருக்கும் ஒரே துணி என்று விதித்துவிட்டது. அந்தப் பருவத்துச் சாதனைகளைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இங்கே வருகிறது. தம்ளரைக் கவிழ்த்து மேசையில் மணிக்கூட்டு முள் திசையில் சுழற்றித் தள்ளிப் பாருங்கள், இடப்பக்கம் விலகும். கேர்லிங் கல்லை அதே திசையில் சுழற்றிவிட்டால் வலப்பக்கம் வளையும். வேகமாகச் சுழற்றினால் கூட வளையும் என்றும் இல்லை. கல்லின் அடி வளையத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் வளைவு கூடும். இவை எல்லாம் நிச்சயம். ஏன் அப்படி வளைகிறது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. முன்பக்கத்தில் பனி இளகி உராய்வு குறைகிறது என்பது ஒரு கட்சி. சொரசொரப்பு தரையில் கீறும் நுண்கோடுகளே கல்லுக்கு வழிகாட்டுகின்றன என்று 2013இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் சொன்னது இன்னொரு கட்சி. இரண்டையும் மறுப்பவர்களும் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு இந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. அவர்கள் விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இப்போது உங்கள் அதிர்ஷ்டக் கேள்விக்கு வரலாம். தேசியப் போட்டிக்கு வந்த எவருக்கும் கல் விடத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போட்டு நூற்றுவீதமாக்குவார்கள். முன்னணி ஆட்டக்காரர்கள் 80க்கும் 90க்கும் இடையில் முட்டிமோதிக்கொண்டு நிற்பார்கள். அந்த வீதத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஸ்கிப் கேட்டது மடத்தனமான கல்லாக இருந்தாலும், கேட்டபடி விட்டவருக்கு முழுப்புள்ளி கிடைக்கும். முதலில் விடுகிறவருக்கு வேலை லேசு, கடைசியில் விடுகிறவருக்குக் கஷ்டம். ஓர் எண்டில் அணிக்கு 8 கல். எதிரணியின் மிகக் கிட்டிய கல்லைவிட உள்ளே உங்களுக்கு எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி, மற்றவருக்குப் பூச்சியம். கடைசிக் கல் வைத்திருப்பதை ஹமர் என்பார்கள். ஹமர் உள்ளவர் 2 எடுக்கப் பார்ப்பார். முடியாது என்று கண்டால் எல்லாவற்றையும் அடித்து வெளியேற்றி, யாருக்கும் புள்ளி இல்லாமல் எண்டை முடித்து, ஹமரை அடுத்த எண்டுக்குக் கொண்டுபோவார். இல்லாதவர் அவரை 1 மட்டும் எடுக்கவைத்து ஹமரைப் பிடுங்கப் பார்ப்பார். 10 எண்டுக்கும் சேர்த்து யோசிக்க அணிக்கு 38 நிமிடம்தான். இந்தக் கணக்கும் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியாதது, நான்காம் நாள் இரவு ஏழாவது எண்டில் நடுப்பாதை எவ்வளவு மெதுவாகிவிட்டது என்பது. அதை எதிரணியைவிட ஓர் எண்டு முந்திக் கண்டுபிடிப்பவர்தான் வெல்கிறார். அது தனி ஒருவரின் கண்ணால் வருவதல்ல. தேய்க்கும் இருவரும், மற்ற முனையில் துடைப்பம் பிடிப்பவரும் சொல்வதை அட்டியின்றி நம்பினால்தான் வரும்.

பிராட் குஷுவின் பட்டியலைப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர். 2001இல் உலக ஜூனியர் பட்டம். 2006இல் துரின் ஒலிம்பிக்கில் 25 வயதில் தங்கம். இறுதியாட்டத்தில் பின்லாந்தை 10-4 என்று வென்றார்கள், ஆறாவது எண்டில் மட்டும் 6 புள்ளி. கடைசிக் கல்லை குஷு விட்டாலும், வட்டத்துக்குள் நின்று துடைப்பம் காட்டியவர் 50 வயதான ரஸ் ஹவர்ட். தரை வாசிக்கும் கண்ணுக்காகவே அந்த அனுபவசாலியை இளைஞர் அணிக்குள் கொண்டுவந்தார்கள் என்பது என் கணிப்பு. இனிக் கவனியுங்கள்: ஒலிம்பிக் தங்கம் கையில் இருந்தும் குஷுவுக்குப் பிரையர் கிடைக்க இன்னும் 11 வருஷம் எடுத்தது. 2017இல், தன் சொந்த ஊரான செயின்ற் ஜோன்ஸில், தன்னுடைய 14ஆவது பிரையரில்தான் வென்றார். அந்தப் பருவத்தின் தொடக்கத்தை இடுப்புக் காயத்தால் தவறவிட்டிருந்தார். இறுதியாட்டம் 7-6, எதிரே கெவின் கோவின் அணி. கடைசிக் கல் மெதுவாகிவிட, குஷுவின் அணியினரான பிரெட் கலன்ட்டும் ஜெஃப் வோக்கரும் தேய்த்தே வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மாகாணத்துக்கு 41 வருஷத்தில் அது முதல் பட்டம். சில வாரங்களில் ஓர் ஆட்டமும் தோற்காமல் உலகப் பட்டம். பிறகு பிரையர் 2018, 2020, 2022, 2023, 2024 என்று கொட்டத் தொடங்கியது. ஸ்கிப்பாக 6 முறை என்பது வேறெவரும் தொடாத எண். 2022 இறுதியாட்டத்தில் மார்க் நிக்கல்ஸ் கொவிட் தொற்றால் விலக, மூன்று பேராகவே ஆடி மேலதிக எண்டில் 9-8 என்று வென்றார்கள். இப்போது சொல்லுங்கள்: 2016 முடிவில் இவருடைய பக்கத்தை நீங்கள் திறந்திருந்தால் தேசியப் பட்டம் பூச்சியம் என்றல்லவா இருந்திருக்கும்?

பெண்கள் பக்கத்தில் கொலீன் ஜோன்ஸ். 1982இல் 22 வயதில் தேசியப் பட்டம், அடுத்தது 1999இல். நடுவில் 17 வருஷம். பிறகு 2001 முதல் 2004 வரை நான்கு வருஷம் தொடர்ந்து. 1998இல் அவருடைய பட்டியலும் உங்கள் பெறாமகளின் பயிற்சியாளருடையதைப் போலத்தான் இருந்தது: ஒன்று. மாறியது என்ன? கிம் கெல்லி, மேரி ஆன் ஆர்சனோ, நான்சி டெலஹன்ட் என்று அவரைச் சுற்றி நிலைத்த அணி. சஸ்காச்சுவானின் சாண்ட்ரா ஷ்மேர்லர் அணியும் இதற்குச் சாட்சி. அதே நான்கு பெண்கள் 1993, 1994, 1997 மூன்று வருஷமும் கனடாப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் சேர்த்து எடுத்து, 1998இல் நகானோவில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார்கள்.

அப்படி நால்வரைக் கட்டிக்காப்பதுதான் சிரமம். ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் நான்கு வருஷச் சுற்று. அது முடிந்த வசந்தத்தில் பாதி அணிகள் கலைந்து வேறு சேர்க்கையாகிவிடும். 2022க்குப் பிறகு குஷுவின் அணியிலேயே கலன்ட் பிரிந்து போனார். கனடாவில் மாகாணப் போட்டிக்கு அந்த மாகாணத்தில் வசிக்க வேண்டும் என்ற விதி உண்டு, வெளியில் இருந்து எடுக்கக்கூடிய ஆட்களுக்கு மட்டுப்பாடு உண்டு. ஆகவே வேலை மாறி ஒருவர் ஊர் பெயர்ந்தால் அணியே ஆட்டம் காணும். பெரும்பாலானோருக்கு இது முழுநேரப் பிழைப்பு இல்லை. 6 முறை தேசியப் பட்டமும் 2014 ஒலிம்பிக் தங்கமும் எடுத்த ஜெனிஃபர் ஜோன்ஸ் சட்டத்தரணி. ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை வார இறுதி எல்லாம் ஊர் ஊராகப் பயணம், திங்கள் காலை வேலை, நடுவில் பிள்ளைப்பேறு. முழங்காலும் இடுப்பும் முதுகும் தேய்வது வேறு. பட்டியலில் இரண்டு வருஷம் வெறுமையாக இருந்தால் திறமை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

கனடாவுக்கு வெளியே இந்த அளவுகோலை அப்படியே கொண்டுபோகவும் முடியாது. கனடாவில் தேசியப் போட்டியை வென்ற அணியே உலகப் போட்டிக்குப் போகும். சுவீடனில் சங்கம் தெரிவு செய்து அனுப்பும். 7 உலகப் பட்டம் எடுத்த நிக்லஸ் எடினை உள்ளூர்ப் பட்டங்களால் அளப்பதில் பொருளில்லை. அமெரிக்காவின் ஜோன் ஷூஸ்டர் கதை இன்னும் விசித்திரம்: 2014 ஒலிம்பிக்கில் 9 ஆட்டத்தில் 7 தோல்வி, பிறகு நாட்டின் உயர்மட்டத் திட்டத்தில் இருந்தே கழித்துவிட்டார்கள். தன்னைப் போல் தெரிவாகாதவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்து 2018இல் சுவீடனை 10-7 என்று வென்று தங்கம் எடுத்தார்.

அதிர்ஷ்டம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மயிர் கல்லின் அடியில் சிக்கினால் போதும், வழி தவறிவிடும். 2005 ஸ்கொட்டிஸ் இறுதியாட்டத்தில் ஜெனிஃபர் ஜோன்ஸ் 4-6 என்று பின்னால் நின்றார். கடைசிக் கல்லை ஓரத்தில் வட்டத்துக்கு வெளியே நின்ற ஒரு கல்லில் மோதவைத்து, அங்கிருந்து தெறித்து நடுவில் இருந்த எதிரணிக் கல்லை அகற்றி, 4 புள்ளி எடுத்து 8-6 என்று வென்றார். அதைப் பத்துத் தரம் விட்டால் எத்தனை தரம் விழும் என்பதில் கேர்லிங்காரர்களே ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் அந்தக் கோணம் அங்கே இருப்பதைக் கண்டதும், அன்றைய தரையில் கல் எவ்வளவு வளையும் என்று அறிந்திருந்ததும் அதிர்ஷ்டம் இல்லை. ஒரு தனி இறுதியாட்டத்தில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. மாகாணத்தைத் தாண்டி ஏழெட்டு முறை வந்ததில் இல்லை. என் தீர்ப்பு அவ்வளவுதான்.

ஆகவே அந்தப் பயிற்சியாளரின் பக்கத்தைத் திரும்பத் திறந்து இப்படிப் பாருங்கள். தேசியப் போட்டிக்கு எத்தனை முறை வந்தார்? ஐந்துக்கு மேல் என்றால் கனமான ஆள். எந்த மாகாணம்? எந்த இடத்தில் விட்டார்: முதலில் விடும் லீட், பிறகு செகண்ட், தேர்ட், வழக்கமாகக் கடைசியில் விடும் ஸ்கிப்? லீட்டாக வென்றவரை இளக்காரமாக எண்ண வேண்டாம். முதல் இரண்டு கல்லும் பிசகினால் மற்ற ஆறும் சரிக்கட்டுவதிலேயே போகும். வென்ற வருஷத்தின் அணிப் பெயர்களை முந்திய, பிந்திய வருஷங்களோடு ஒப்பிடுங்கள்; அணி கலைந்திருந்தால் ஏன் ஒன்றோடு நின்றது என்பதற்குப் பாதி விடை அங்கேயே இருக்கும். காலத்தையும் பாருங்கள்: முன்னால் நிற்கும் எதிரணியின் காவல் கற்களை முதல் ஐந்து கல் முடியும்வரை அகற்றக்கூடாது என்ற விதி 2018 பருவத்தில்தான் வந்தது. அதற்கு முன் இந்தக் காப்பு இவ்வளவு இல்லாததால், முன்னிலை பெற்ற அணி கற்களை அடித்துத் துப்புரவாக்கி வெற்றியைக் காப்பது இன்னும் லேசாக இருந்தது. பழைய பட்டத்தையும் புதிய பட்டத்தையும் ஒரே தராசில் வைப்பதற்கு இது ஒரு தடை.

இலங்கைக் கொடியோடு ஒரு நாள் அவள் ஆடலாமா என்று கேள்வியின் கடைசியில் போட்டிருந்தீர்கள். வெயில் நாடு என்பது தடையில்லை. 2025 பெப்ரவரியில் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஆண்கள் கேர்லிங் தங்கத்தை எடுத்தது பிலிப்பைன்ஸ். இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 5-3 என்று வென்றார்கள். ஆடியவர்கள் சுவிற்சர்லாந்தில் வளர்ந்து பழகியவர்கள். தேவை குடியுரிமையும், உலக அமைப்பில் உறுப்பினரான ஒரு தேசியச் சங்கமும், நான்கு பேரும். கடைசியாகச் சொன்னதுதான் எப்போதும் இழுபறி.

பெறாமகளின் ஆட்டத்தையோ பிரையரையோ நேரலையில் பார்க்கும்போது கையில் ஒரு நிறுத்துகடிகாரம் வைத்திருங்கள். குளிர்காலத்தில் ரொறொன்ரோவின் இரவு 7 மணி நமக்கு மறுநாள் காலை 5.30. வட்டத்தின் நடுவில் வந்து நிற்கும் கல்லை மட்டும் எடுத்து, முதல் ஹொக் கோட்டைத் தொட்டதில் இருந்து மறுமுனையில் உள்ள இரண்டாவது ஹொக் கோட்டைத் தொடும்வரை அளவுங்கள். கூடுதல் நேரம் எடுத்தால் தரை விரைவானது. தலைகீழாகத் தோன்றும், ஆனால் விரைவான தரையில் மெல்ல விட்டாலே போதும் என்பதால் அப்படி. முதல் எண்டில் 14.6 செக்கன் வந்து, எட்டாவது எண்டில் அதே பாதையில் 14.0 வந்தால் தரை மெதுவாகிவிட்டது என்று அர்த்தம். யார் அதைக் கவனித்து இன்னும் கொஞ்சம் பலமாக உதைத்து விடுகிறார், யாருடைய கல் காவல் கற்களுக்கு முன்னாலேயே நின்றுபோகிறது என்று பாருங்கள்.